நடுவில் கறுத்த கண்ணாடி

கறுப்புத் துணிக்குள் தலை நுழைந்தாயிற்று. இனி அவரிடமிருந்து குரல் மட்டும்தான் வரும். “நாற்காலியக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளுங்க. இல்ல இல்ல, அந்த இடது இல்ல.” கேமராவின் பின்புறக் கண்ணாடியில் உலகம் தலைகீழாக, இடம் வலம் மாறி விழுவதால் இந்தத் தடுமாற்றம் எப்போதும் உண்டு. குடும்பத்தில் அவருக்கு முக்காடு என்று பெயர். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள்; முகம்தான் துணிக்குள் இருக்கிறதே.

தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. வாரம் முழுக்க மற்றவர்களுக்குத் தெளிவாகத் தெரியவைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தான் மட்டும் இருட்டுக்குள் போய்விடுவார். கடையில் ஒரு பழக்கம்: முகத்துக்கு ஒட்டாத பிரேமை முதலில் மாட்டிக் காட்டுவார். மனத்தில் வைத்திருக்கும் நல்ல பிரேம் அடுத்தபடியாகத்தான் வெளியே வரும். “மொதல்ல மோசமானதப் பாக்கணும். அப்பதான் நல்லதோட அருமை தெரியும்.” இந்த உத்தி இதுவரை தோற்றதில்லை.

கேமரா ஒரு கைப்பெட்டி அளவு இருக்கும். பிலிம் உள்ளங்கையை விடப் பெரிய தாள். ஒரு தாளுக்கு ஒரு படம். சின்னக் கூடத்தில் மொத்தக் குடும்பமும் அடங்க வேண்டுமானால் அகன்ற கோண லென்ஸைத்தான் மாட்டியாக வேண்டும். அதற்கு ஒரு குணம். நடுவில் நிற்பவர்களுக்கு வெளிச்சத்தை அள்ளிக் கொடுக்கும், ஓரத்தில் நிற்பவர்களுக்குக் கிள்ளிக் கொடுக்கும்.

கிள்ளி வாங்கியவர் அவருடைய அக்கா. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று எடுத்த படத்தில் வலது கோடியில் நின்றார். நடுவில் முக்காட்டின் மனைவி. “உன் பொண்டாட்டி டியூப்லைட் மாதிரி இருக்கா. நான் என்னடா, அடுப்புல வெச்ச சட்டியா?” அதன்பின் கேமராவைத் திறந்தாலே அக்காவுக்கு வேறு அறையில் வேலை வந்துவிடும். எல்லாம் லென்ஸின் குணம் என்று தம்பி விளக்கினார். “அந்த லென்ஸ யாரு வாங்கினது?” என்றார் அக்கா. அதற்குப் பிறகு எத்தனையோ குடும்பப் படம் எடுத்தாகிவிட்டது, ஒன்றிலும் அக்கா இல்லை.

அதற்காகத்தான் அந்த வட்டக் கண்ணாடி வந்தது. நடுவில் கறுப்பு, ஓரத்துக்குப் போகப் போகத் தெளிவு. லென்ஸின் முன்னால் திருகிவிட்டால் நடுவில் மிஞ்சும் வெளிச்சத்தை விழுங்கிவிடும், நடுவும் ஓரமும் சமமாகிவிடும். விழுங்கியதற்கு ஈடாக ஒரு வினாடிக்குப் பதில் மூன்று வினாடி லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஓரத்தில் நிற்பவரை லென்ஸ் கொஞ்சம் அகலமாகவும் இழுத்துவிடும். அதற்கு எந்தக் கண்ணாடியும் இல்லை. அதை அக்காவிடம் அவர் சொல்லவும் இல்லை. வட்டக் கண்ணாடி ஒரு கம்பளிக் காலுறைக்குள் வசிக்கிறது. “இந்த வீட்டுல அவர் தொவைக்கிறது அந்த ஒத்தச் சாக்ஸ் மட்டும்தான்” என்கிறார் மனைவி.

அக்கா வரச் சம்மதித்தார். “வர்றேன். ஆனா அதே மூலையிலதான் நிப்பேன். என்ன கிழிக்கறேன்னு பாக்கறேன்.”

சொன்னபடியே அந்த ஞாயிறு வந்து, மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“மூணு எண்ணுற வரைக்கும் யாரும் அசையாதீங்க.”

“மூணா? நான் என்ன பொம்மையா?”

அக்கா கிளம்பிவிடுவார் என்ற பயத்தில் ஒன்று எண்ணியதுமே லென்ஸை மூடிவிட்டார். பிறகு கெஞ்சிக் கூத்தாடி, இரண்டாவது தாளுக்கு முழுதாக மூன்று வாங்கினார்.

அடுத்த ஞாயிறு, உறைக்குள் இரண்டு படங்களுடன் அக்கா வீட்டுக்கு மனைவியையும் அழைத்துக்கொண்டு போனார். இரண்டாவது படம் அப்பழுக்கற்றது. மூலையில் நிற்கும் அக்காவின் தோடுகூட மின்னியது. கடைப் பழக்கம் விடுமா? ஒன்றோடு மூடிய மோசமானதை முதலில் நீட்டினார். நடு, ஓரம் என்ற பேதமில்லாமல் எல்லாரும் ஒரே இருட்டு.

அக்கா படத்தை ஜன்னலருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். தன்னைப் பார்த்தார், தம்பி மனைவியைப் பார்த்தார், மறுபடி தன்னைப் பார்த்தார்.

“இப்பதான்டா ஒழுங்கா எடுத்திருக்க.”

“கரன்ட் போன மாதிரி இருக்கு அண்ணி” என்றார் தம்பி மனைவி.

“போனா எல்லாருக்கும்தானே போயிருக்கு. இத இந்தக் கூடத்துலயே மாட்டணும்.”

இரண்டாவது படம் உறையிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. முக்காடு அதைக் கட்டைவிரலால் மெல்ல உள்ளே தள்ளி, உறையின் வாயை மடித்தார்.

“ஆணி எங்கக்கா அடிக்கணும்?”