கையில் இருந்த பெயர்

கஜபதி திருத்தணியிலிருந்து சென்னை நாளிதழ் ஒன்றுக்குப் பத்தொன்பது வருடம் செய்தி அனுப்பினார். துணிந்து செய்த வேலை ஒன்றே ஒன்று. அதைப் பற்றி வீட்டில் அவர் பேசியதில்லை.

1967இல் ஒரு பெரிய அமெரிக்கப் பத்திரிகையின் நிருபர் வந்து இறங்கினார். மறைத்து வைத்ததைத் தோண்டி எடுப்பதுதான் அவருடைய உத்தியோகம். அதற்கு மாதச் சம்பளமும் உண்டு என்று கேட்டு கஜபதி வாயைப் பிளந்தார். அமெரிக்காவில் கட்டம் போட்ட மெட்ராஸ் சட்டைக்கு அப்போது ஏகக் கிராக்கி. அந்த நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர்களின் கை என்ன ஆகிறது என்று நிருபர் எழுத வேண்டும். வழிகாட்டவும் மொழிபெயர்க்கவும் கஜபதி.

ஆர்.கே.பேட்டையில் வேதாசலத்தின் சாயப்பட்டறையில் ஞானம்மாள் வேலை செய்தாள். காஸ்டிக் சோடா தின்ற விரல்கள், நகம் இல்லை. அவள் புருஷன் நெய்வதும் வேதாசலம் கொடுக்கும் நூலைத்தான்.

“மூஞ்சி வேணாம், பேரு வேணாம். மொதலாளிக்குத் தெரிஞ்சா நூல நிறுத்திடுவாரு. அப்புறம் மண்ணத்தான் துன்னணும்ணா,” என்றாள்.

“நான் இருக்கேன்ல. கைய மட்டும்தாம்மா போட்டோ எடுப்பாங்க.”

சொன்னபடிதான் நடந்தது. முழங்கை வரைக்கும் இரண்டு கைகள். பேர் இல்லை, ஊர் இல்லை. வெளிச்சம் மறையாமல் கஜபதி ஒதுங்கி நின்றார்.

மூன்றாம் மாதம் வேதாசலம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பட்டறை ஆட்கள் சுற்றி நின்றிருந்தார்கள், நடுவில் ஞானம்மாள். மேஜைமேல் அந்த அமெரிக்கப் பத்திரிகையின் பக்கம், அதில் அந்தக் கைகளின் படம். ஏற்றுமதிக்காரர் தபாலில் அனுப்பியிருந்தார்.

“வாங்க ரிப்போட்டரே. எனுக்கு இங்கிலீசு வராது, தமிழ்தான் வரும். இத்த நீங்களே படிங்க, சத்தமா.”

அவர் விரல் வைத்த இடத்தில், இடது முன்கையில், பச்சை குத்திய எழுத்து: பங்காரு. புருஷன் பேரை வாயால் சொல்லாத பெண்கள் அதைக் கையில் குத்திக்கொள்வார்கள். அமெரிக்கருக்கு அது ஏதோ கோலம். கஜபதிக்கு அதுவாகவும் தெரியவில்லை. அம்மா கையில், மனைவி கையில் தினமும் பார்த்து, அது பார்வையிலேயே படாமல் போயிருந்தது.

“இன்னா, எழுத்துக் கூட்டிகினு இருக்கீங்களா?”

“பங்காரு,” என்று கஜபதி படித்தார். ஆட்கள் சிரித்தார்கள்.

அன்றைக்கே நூல் நின்றது. வேறு முதலாளிகளும் தரவில்லை. பங்காரு மனைவியிடம் ஒன்றுதான் சொன்னான்: “என் பேரு உன் கையில இருக்கக் கூடாது.”

கஜபதி வீட்டுக்குப் போனபோது ஞானம்மாளின் முன்கையில் வாழையிலை சுற்றியிருந்தது. அதையும் மீறி நாற்றம்.

“இன்னாம்மா பண்ணே?”

“பட்டற சோடாவ வச்சேன். பேரு பூடுச்சு.”

“ஆஸ்பத்திரிக்கு வாம்மா.”

“ஏன், அங்க வேற போட்டோ எடுக்கணுமா?”

புண் சீழ் வைத்துப் பதினாறாம் நாள் ஞானம்மாள் செத்துப்போனாள். அதன் பிறகு கஜபதி அனுப்பியதெல்லாம் மலைக்கோயில் கூட்டமும் காவடி எண்ணிக்கையும்தான்.

ஒரு மாதம் கழித்து அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்தது. கட்டுரைக்குப் பரிசு, வாஷிங்டனுக்குப் பதவி உயர்வு. பரிசு வாங்கும்போது மேடையில் சொல்ல வேண்டும், அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று நிருபர் கேட்டிருந்தார்.

கஜபதி மூன்று தாள்களில் நடந்ததை எழுதினார். பச்சையைக் கவனிக்காதது யார் என்று எழுத வேண்டிய இடம் வந்ததும் மூன்றையும் கிழித்தார். ஒரு கார்டு எடுத்து, அவள் நலம் என்று எழுதித் தபாலில் சேர்த்தார்.