ஒரு விசில் என்றால் நில்

அல்சூரில் பங்குனி பிறந்தால் தெருவெல்லாம் இளஞ்சிவப்புப் பூ. ஊரே அண்ணாந்து பார்த்து ரசிக்கும். எனக்கோ அந்தப் பூ கண்ணில் பட்டாலே தும்மல், தும்மலுக்குப் பின்னாலேயே வீசிங். ஆறு வயதில் நான் கண்ட வசந்தம் அவ்வளவுதான். ஜன்னலோரம் நான், கையில் வெந்நீர் டம்ளர், வெளியே மற்ற பிள்ளைகள்.

அந்த வருஷம்தான் என் மாமா, அம்மாவின் தம்பி, தெருப் பொடிசுகளுக்கு ஃபுட்பால் சொல்லித் தருகிறேன் என்று கிளம்பினார். வாரம் முழுக்க சிட்டி பஸ்ஸில் கண்டக்டர். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கோச். நானும் போவேன் என்று மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் அடம் பிடித்தேன். அம்மா மாமாவைத்தான் பிடித்துக்கொண்டாள். "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! இவ ஓடினா ஆகாதுன்னு உனக்குத் தெரியாதாடா?"

கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். ஒரே ஒரு தடவை வீசிங் வந்தாலும் அத்தோடு ஃபுட்பாலுக்கு முழுக்கு. "நீ விடுக்கா, நான் பாத்துக்கறேன்" என்றார் மாமா.

அவரிடம் இருந்தது ஒரு பந்தும், பஸ்ஸில் ஊதுகிற அதே விசிலும். பாடமும் பஸ் பாடம்தான். ஒரு விசில் என்றால் நில். இரண்டு விசில் என்றால் ரைட், போகலாம். நாங்கள் ஏழு பேரும் வெல்லத்தை மொய்க்கிற எறும்பு மாதிரி பந்தின் பின்னால் ஓடுவோம். ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் ஒரு விசில் கேட்கும். போட்டது போட்டபடி நிற்போம். மேலே எத்தனை பருந்து, எண்ணு என்பார் மாமா. எண்ணி முடிப்பதற்குள் எனக்கு வாங்கிய மூச்சு அடங்கிவிடும். அப்புறம் இரண்டு விசில். அடடா, எவ்வளவு நல்ல விளையாட்டு என்று நினைத்துக்கொண்டேன். டிவியில் ஆடுகிறவர்கள் நிற்காமல் ஓடுவதைப் பார்த்தபோது, பாவம், இவர்களுக்குச் சட்டம் தெரியவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன்.

உகாதிக்கு முந்தின ஞாயிறு, காக்ஸ் டவுன் பிள்ளைகளோடு எங்களுக்கு முதல் மேட்ச். அம்மாவும் வந்திருந்தாள், கைப்பையில் இன்ஹேலரும் வாயில் முருகனுமாக. நெடுநெடுவென்று ஒரு ரெஃப்ரி. ஆட்டத்தைத் தொடங்க ஒரு விசில் ஊதினார். பழக்க தோஷத்தில் ஏழு பேரும் நின்றோம்! காக்ஸ் டவுன்காரர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போய்க் கோல் போட்டார்கள். பந்தை நடுவில் வைத்து மறுபடி ஒரு விசில். பந்து எங்கள் காலடியிலேயே கிடந்தது, ஒருவரும் தொடவில்லை.

பொறுக்க முடியாமல் மாமா கோட்டுக்கு வெளியே நின்று தன் விசிலை இரண்டு தரம் ஊதினார். பாய்ந்தோம். இன்னொரு தடவை ஊதினால் மைதானத்தை விட்டே அனுப்பிவிடுவேன் என்று ரெஃப்ரி கன்னடத்தில் சத்தம் போட, மாமா விசிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் பந்து என் காலுக்கு வந்தது. எதிரே கோல், நடுவில் ஒருவரும் இல்லை. ஓடினேன். பாதி தூரத்தில் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்த ஆரம்பித்தது. இதோ விசில் வரும், இதோ வரும் என்று பார்த்தேன். வரவில்லை. மாமாவின் கை பாக்கெட்டுக்குள் இருந்தது, முகம் வெளுத்திருந்தது. நின்றுவிட்டேன்.

யாரும் ஊதாமலே எங்கள் பிள்ளைகள் ஆறு பேரும் நின்றார்கள். கோல் காத்துக்கொண்டிருந்த பையன் கோலை அப்படியே விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்து, "மேல பாரு, பருந்து எண்ணு" என்றான். நாலு எண்ணினேன். அதற்குள் காக்ஸ் டவுன் இன்னொரு கோல் போட்டுக் குதித்தது.

அம்மா இன்ஹேலரோடு ஓடி வந்தாள். போச்சு, இன்றோடு ஃபுட்பால் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது. அம்மாவோ எனக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு, ஆட்டத்தை விட்டுவிட்டு நின்ற அந்த ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வாரமும் ஏழு மணிக்குத்தானேடா?" என்று மாமாவைக் கேட்டாள்.

தோற்றுப்போனதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து, "விடும்மா, அடுத்த மேட்ச்ல பாத்துக்கலாம்" என்று நான் ஆறுதல் சொன்னேன். அத்தனை ஞாயிறும் மாமா பந்தைப் பார்த்து ஊதவில்லை, என் நெஞ்சைப் பார்த்துத்தான் ஊதினார். அதை முதல் நாளே மற்ற ஆறு பேரிடமும் சொல்லிவைத்திருந்தாராம். தெரியாதவள் நான் ஒருத்திதான்.