ஜரிகைப் பூ வைத்த செருப்பு

மவுண்ட் ரோடு கம்பெனி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக வேலை கிடைத்து, திருநெல்வேலியிலிருந்து வந்து அடையாறில் பெண்கள் விடுதியில் தங்கியிருந்த காலம் அது. எழுபதுகளின் தொடக்கம். என் அறையில் இருந்த மற்ற இருவருக்கும் செங்கல்பட்டுப் பக்கம் ஊர். சனிக்கிழமை மதியமே கிளம்பிவிடுவார்கள். அதன்பின் திங்கள் காலைவரை, சாப்பாட்டு மணி அடிக்கும்போது தவிர, என்னிடம் பேச ஆள் கிடையாது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் சும்மா நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்தச் செருப்பைப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால், தனியாக ஒரு பீடத்தின் மேல் வைத்திருந்தார்கள். கறுப்பு வெல்வெட் பட்டை, அதன்மேல் ஜரிகைப் பூ, பூவின் நடுவில் வெள்ளைக் கல். கதவைத் தள்ளி உள்ளே போய் விலை கேட்கக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. அதற்குப் பிறகு மூன்று நான்கு ஞாயிறுகள் போய் நின்று, இதழ் எப்படி வளைகிறது என்பதை மனதில் ஏற்றிக்கொண்டேன்.

பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் வெறும் கறுப்புச் செருப்பு ஒரு ஜோடி வாங்கினேன். வெல்வெட்டுக்கும் ஜரிகைக்கும் கல்லுக்கும் ராயப்பேட்டையில் ஒரு கடைக்குப் போனேன். வெள்ளைத் தாடி வைத்த பாய் கேட்டார்:

"ரவிக்கைக்காம்மா?"

"இல்ல பாய், செருப்புக்கு."

"செருப்புக்கா!" என்று சிரித்துவிட்டு, "கல்யாணப் பொண்ணுக்குக் குடுக்கற சரக்கும்மா இது. சரி, உன் காலுக்கும் குடுத்து வெச்சிருக்கு," என்று ஜரிகையில் ஒரு சாண் கூடவே வெட்டிக் கொடுத்தார். அந்த வாரத்தில் வேலை விஷயம் இல்லாமல் என்னிடம் ஒருவர் பேசியது அது ஒன்றுதான்.

சைக்கிள் கடையில் பஞ்சருக்குப் போடும் சொல்யூஷனைக் கெஞ்சி வாங்கிவந்து வெல்வெட்டை ஒட்டினேன். கோணி ஊசியால் ஓட்டை போட்டு ஜரிகையைத் தைத்தேன். விரல் நுனியெல்லாம் குத்துப்பட்டது. இரண்டு ஞாயிறுகள் போனதே தெரியவில்லை. முடித்ததும் கட்டிலில் அமர்ந்து காலில் மாட்டி, காலை நீட்டி நீட்டிப் பார்த்தேன். அறையில் வேறு யாரும் இல்லை.

அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரிக்கு மயிலாப்பூரில் கல்யாணம். அதற்குப் போட்டுக்கொள்ளலாம் என்று பத்திரமாக எடுத்துவைத்தேன். கல்யாணத்தன்று விடுதி வாசற்படி இறங்கும்போது ராணி மாதிரி இருந்தது. பஸ்ஸில் நெரிசல், யாரும் குனிந்து பார்க்கவில்லை. பரவாயில்லை, மண்டபத்தில் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மண்டப வாசலில் நூற்றுக்கணக்கான செருப்புகள் கிடந்தன. அங்கே வந்துதான் எனக்கு உறைத்தது. கல்யாணத்துக்குள் யார் செருப்போடு போவார்கள்? பிறந்ததிலிருந்து எத்தனை கல்யாணம் பார்த்தவள் நான்! ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். மணப்பெண் மேடையிலிருந்து கை அசைத்தாள். பந்தியில் எனக்கு இரண்டு பக்கமும் அறிமுகம் இல்லாத குடும்பங்கள். என் தலைக்கு மேலாகப் பேசிக்கொண்டார்கள்.

வெளியே வந்து பார்த்தால் செருப்பைக் காணோம். வாசலில் செருப்புக்குக் காவல் இருந்தவர் எழுந்து வந்தார்.

"இன்னாமா தேடிக்கினு கீற?"

"கறுப்புச் செருப்பு. மேல ஜரிகைப் பூ இருக்கும்."

"ஃபாரின் செருப்பு மாதிரி பளபளன்னு இருந்துச்சே, அதானே? ஒரு அம்மா இப்பத்தான் போட்டுக்கினு கார்ல ஏறிச்சு. காருல வந்தவங்களுதுன்னுதான் நானும் நெனச்சேன். உன்னுதுன்னு எனக்கு எப்டிமா தெரியும்?"

"பரவால்ல," என்றேன்.

உச்சி வெயில். தார் ரோட்டில் வெறுங்காலோடு நிழல் நிழலாகத் தாவி பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். பாதி வழியில் எனக்குச் சிரிப்பு வந்தது. கார் வைத்திருக்கிறவள் அதை நிஜமான கடைச் செருப்பு என்று நம்பிவிட்டாள்! இதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. விடுதியில் பரிமாறுகிற அக்காதான் இருந்தாள்.

"செருப்பு எங்கம்மா?" என்றாள்.

"அறுந்துபோச்சு," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பல மாதங்கள், பஸ்ஸில் ஏறும் பெண்களின் முகத்தைப் பார்க்கும் முன் காலைப் பார்த்தேன். பிறகு அந்தப் பழக்கமும் விட்டுப்போனது.