தாலா, கைஞ்சி, ஆயினா

விதி இதுதான்: பத்திரம் எழுதிக் கொடுப்பவருடைய புத்தித் தெளிவில் சந்தேகம் வந்தால், அவருக்குத் தெரிந்த மொழியில் அவரையே கேட்க வேண்டும். வாய் பேச முடியாதவர் சைகையால் பதில் சொல்லலாம். பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் இதைப் பிறருக்குப் படித்துக் காட்டினேன். ஆஸ்பத்திரிக்கு இது பொருந்தாது என்பார்கள். பொருந்தியிருக்க வேண்டும்.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம், வேலூர் வீட்டில், காலைக் காபி டம்ளர் என் வலது கையிலிருந்து நழுவியது. மருமகளைக் கூப்பிடப் போனேன். வாய் கோணியது, சொல் வரவில்லை.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு உடலில் ஒரு பக்கம் விழுந்துவிடுவது) என்றார்கள். கூடவே அபேசியா (கேட்பது புரிந்தும், அறிவு கெடாமலும், பொருளின் பெயர் மட்டும் வாய்க்கு வராத நிலை). இதே நோயோடு வாழ்கிறவர்களின் வீட்டாருக்கு, அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டாவது விளக்கத்தை இரண்டு தடவை படித்துக் காட்டுங்கள்.

அடுத்த வீட்டுக் கரீம் பாய் மண்டியில் தோல் தரம் பிரிப்பவர். தினமும் மத்தியானம் வந்து உட்காருவார். நான் ஒரு சொல்லுக்காகத் திணறிய நாளில் சிரித்துவிட்டார்.

"தமிழ் வர்லைன்னா உடுங்க முதலியாரே. எங்க பேச்சை எடுத்துக்குங்க. வாடகை கேக்க மாட்டேன்."

பத்திரம் பதிய வந்தவர்கள் பேசி என் காதில் எத்தனையோ வருஷம் விழுந்த மொழி அது, உருது. அந்த நாளில் பேச வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை, பியூன் மொழிபெயர்ப்பான். இப்போது அதுதான் முதலில் வந்தது.

மரத்துப்போன கையில் பாய் நகம் வெட்டினார். விரல் நுனியில் இரத்தம் வந்தது. எனக்கு வலிக்கவில்லை, அவர்தான் பதறினார். அன்று கைஞ்சி, அதாவது கத்தரிக்கோல், வந்தது. முகம் மழித்துக்கொண்ட அன்று, கண்ணாடியில் என் பாதி வாய் மட்டும் சிரித்தபோது, ஆயினா வந்தது. மூன்றாவது சொல்லுக்குப் பாய் தேவைப்படவில்லை. மகனும் மருமகளும் வெளியே போகையில் என் அறையைப் பூட்டிவிட்டுப் போனார்கள். ஜன்னல் பக்கம் வந்து நின்ற பாய்க்கு நானே சொன்னேன்: தாலா.

பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரத்துப் பக்கம் எனக்குக் கிணற்றோடு நிலம் இருந்தது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் கணக்கு வேலை பார்த்த என் மகனுக்கு அதில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழி போட்டு, முதலாளியோடு கூட்டுச் சேர ஆசை. நான் மறுத்திருந்தேன். மறுப்பது புத்தி பேதலிப்பின் அறிகுறி என்று எந்த வைத்திய நூலிலும் இல்லை. ஆனாலும் எனக்குப் புத்தித் தெளிவில்லை என்று சான்று வாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான்.

டாக்டர் தெற்கேயிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நல்ல மனிதர். ஒரு பூட்டைத் தூக்கிக் காட்டினார்.

"தாலா."

கத்தரிக்கோல். "கைஞ்சி."

கண்ணாடி. "ஆயினா."

மூன்றும் சரி. பரீட்சையில் தேறிய பையனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தேன். டாக்டர் என் மகனைப் பார்த்தார். "இதெல்லாம் ஏதாவது வார்த்தையா?"

நாள் முழுக்க முதலாளியோடு அந்த மொழியில் பேசுகிறவன் தரையைப் பார்த்தான்.

"தெர்லைங்க டாக்டர். வூட்லயும் இப்டித்தான் இன்னாமோ உளர்றாரு."

ஜட்காவில் திரும்பும்போது, என்னிடம் இருந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். "கியூன்?" ஏன்?

"சுப் ரஹோ நைனா," என்றான், சும்மா இருங்க அப்பா என்று. அதே மொழியில், யோசிக்காமல்.

வந்த சொற்களைக் கொண்டு பாயிடம் நடந்ததைச் சொன்னேன். "உம்ம பையன் பேசுற உருது என் சம்பந்திக்கே வராது. தெர்லையாமா அவனுக்கு?" என்றார். சிரிக்கவில்லை.

இடது கையால் ஆஸ்பத்திரிக்கு மனு எழுதினேன்: அந்த மொழி தெரிந்த ஒருவரை வைத்து என்னை மறுபடி பரிசோதிக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லும் வரக் காத்திருந்து, ஒரு வரிக்கு ஒரு நாள் ஆயிற்று. பாய் பதிவுத் தபாலில் போட்டார். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். ஆஸ்பத்திரி குமாஸ்தா "பரிசீலனையில் உள்ளது" என்று பாயிடம் சொல்லி அனுப்பினார். அந்தச் சொற்றொடரை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதன் அர்த்தம் இப்போதுதான் தெரிந்தது.

இதற்குள் அந்தச் சான்றை வைத்து நீதிமன்றம் என் சொத்துக்கு மகனை நிர்வாகியாக நியமித்தது. நிலத்தில் குழி வெட்டினார்கள். சுண்ணாம்பு வாடையோடு வீட்டுக்கு வருவான். குளித்துவிட்டு, எனக்குக் கஞ்சி சரியான சூட்டில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பான். அதையும் எழுதிவைக்க வேண்டும்.

தமிழ் மெல்லத் திரும்பியது. வலது கை இன்னும் என்னுடையதாகவில்லை. தூக்கி மடியில் வைத்தால் யாரோ ஒருவர் கை போலக் கிடக்கும். ஒரு பொருளைக் கண்டபின் அதன் பெயர் வரும்வரை உள்ள இடைவெளியில்தான் என் நாள் முழுவதும் கழிகிறது. மாதங்களின் பெயர்கள் கடைசியாக வந்தன.

நீதிமன்ற உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்யக் கெடு பிப்ரவரி இருபதோடு முடிந்தது. மறுபரிசோதனைக்கு வரலாம், மொழி தெரிந்தவர் இருப்பார் என்ற ஆஸ்பத்திரிப் பதில் மார்ச்சு நான்காம் தேதி வந்தது.