முதலாவதாக நிற்பது

லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு மருந்துக்கடைக்கு மேலிருக்கும் அறையை வாடகைக்கு எடுத்து, பிசியோதெரபி என்று பலகை மாட்டியபோது, சனம் தானாகப் படியேறி வரும் என்று நினைத்தேன். படியேறி வந்தவர்கள் பீட்சாக் கடைத் துண்டுப்பிரசுரம் போடுகிறவர்கள்தான். முதுகு நொந்தவர்கள் படுத்த படுக்கையில் போனைத் தட்டித் தேடுகிறார்கள். தேடலில் யார் முதலாவதாக வருகிறாரோ அவரிடம் போகிறார்கள். நானும் அந்தத் தேடலில் விளம்பரம் கொடுத்தேன்.

அது இப்படித்தான் நடக்கும். 'வால்தம்ஸ்டோ பிசியோ' என்று யாராவது தேடினால், என் படத்தோடு என் விளம்பரம் மேலே வந்து நிற்கும். அதை யாராவது அழுத்தினால் என் வங்கி அட்டையிலிருந்து காசு போகும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று எல்லை வைத்திருந்தேன். அது முடிந்தால், மறுநாள் விடியும்வரை நான் லண்டனிலேயே இல்லை.

தொடக்கத்தில் நன்றாகத்தான் போனது. தோள் பிடித்துக்கொண்ட பஸ் சாரதி வந்தார். ஓடப் பழகப்போய்க் குதிக்காலைக் கெடுத்துக்கொண்ட ஆசிரியை வந்தார். அதுவரை பார்த்துவந்த ஆஸ்பத்திரி வேலையைப் பாதியாகக் குறைத்தேன். அறை ஒப்பந்தம் கோடையில் முடிகிறது. அதற்குள் கிளினிக் தன் காலில் நின்றுவிட்டால் மற்றப் பாதியையும் விட்டுவிடலாம், இல்லாவிட்டால் பலகையைக் கழற்ற வேண்டியதுதான்.

வட லண்டன் எட்மண்டனில் தனியாக இருக்கும் அம்மாவின் டேப்லெட்டில் ஒரு நாள் என் விளம்பரத்தைத் தேடிக் காட்டினேன். படத்தைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. படத்துக்கு மேலே 'விளம்பரம்' என்று பொடி எழுத்தில் இருந்தது. அம்மாவின் கண்ணாடிக்கு அது அகப்படவில்லை.

அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, மாதா கோயில் மண்டபத்தில் ரோல்ஸும் தேநீருமாக நின்ற எல்லோரிடமும் அம்மா டேப்லெட்டைக் காட்டினார்.

"லண்டனிலேயே என்ர மகள்தான் முதலாவது."

ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய மாமி ஒருவர் எங்கள் கோயிலில் இருக்கிறார். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. "ஆக்கள் படத்தை அமத்த அமத்தத்தான் மேல நிக்கும்," என்றார். "அமத்தாட்டிக் கீழ போயிடும். நாங்கள்தான் பிள்ளையைத் தாங்க வேணும்."

எங்கள் சனம் ஒரு பிள்ளையைத் தாங்குவதென்று முடிவெடுத்தால் பிறகு தடுக்க ஏலாது. வீட்டுக்கு வீடு செபமாலைக்கு முறை வைப்பது போல இதற்கும் முறை வைத்தார்கள். காலைச் செபம் முடிந்ததும் ஓர் அழுத்து. நோவென்று மட்டும் ஒருவரும் என்னிடம் வரவில்லை. அதற்கு வீட்டில் எண்ணெய் இருக்கிறது.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, கிளினிக் போன் வாயை மூடிக்கொண்டது என்பதுதான். காலைத் தேநீர் ஆறுவதற்குள் அன்றைய விளம்பரக் காசு தீர்ந்துபோனது. விளம்பர நிறுவனத்து உதவியாளர் போனில் என்னைப் பாராட்டினார்: உங்களை எவ்வளவு பேர் பார்க்கிறார்கள்! ஒரே ஆள் திரும்பத் திரும்ப அழுத்தினால் அதைக் கழித்துவிடுவார்களாம். ஒரு கோயிலே அழுத்தினால் என்ன செய்வது? எந்த இடத்து ஆட்கள் என்று கேட்டபோதுதான், பெரும்பாலும் எட்மண்டன் என்றார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆத்திரத்தில் சிரிப்பும் வந்தது.

எட்மண்டனில் விளம்பரம் தெரியாதபடி மாற்றிவிட்டேன். மறுநாட்காலை அம்மா அழுதபடி எனக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, உன்னைக் காணேல்லை. என்ன நடந்தது? பாதரிட்டச் சொல்லி உனக்காகப் பூசை ஒப்புக்குடுக்கப் போறன்."

திரும்பவும் எட்மண்டனைச் சேர்த்தேன். வேறு வழி ஒன்றுதான் இருந்தது: ஒரு நாளைய காசு எல்லையைக் கூட்டுவது. கோயில் அழுத்தி முடித்த பிறகும் நோயாளிகளுக்குக் கொஞ்சம் மிஞ்ச வேண்டும். அதற்குக் காசு வேண்டும். விட வேண்டும் என்று நினைத்த ஆஸ்பத்திரியிலேயே ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட்களையும் எடுத்தேன். பூசைக்குப் போவது நின்றது. அம்மாவிடம் போவதும் நின்றது. செக்கைச் சுற்றும் மாடு மாதிரி வாரங்கள் போயின.

ஒரு புதன்கிழமை பின்னேரம், இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று எட்மண்டனுக்குப் போனேன். காசு கொடுத்துத்தான் மேலே நிற்கிறேன், நீங்கள் அழுத்துவதால்தான் விழுகிறேன் என்று சொல்லிவிடுவது. பஸ்ஸில் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.

"அம்மா, உங்களோட ஒரு விஷயம் கதைக்க வேணும்."

"பொறு பிள்ளை. காலமை டொக்டரிட்டப் போனதால இண்டைக்கு இன்னும் அமத்தேல்லை."

டேப்லெட்டை மடியில் வைத்துத் தேடினார். இன்று எப்படியோ விளம்பரக் காசு கொஞ்சம் மிஞ்சியிருந்தது. என் படம் வந்தது. சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தார்.

"நீ இப்ப ஞாயிற்றுக்கிழமையிலயும் வாறேல்லை. இதைப் பாத்தா நீ வந்திட்டுப் போன மாதிரி இருக்கும். அதுதான் நான் ஒரு நாளும் விடுறேல்லை."

பக்கத்தில்தான் இருந்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அழ வேண்டும் போல இருந்தது.

"இந்தா, நீயும் ஒருக்கா அமத்து," என்று டேப்லெட்டை என் பக்கம் நீட்டினார். "உன்ர கையால."

அழுத்தினேன்.

"பாத்தியே," என்றார் அம்மா. "மேலதான் நிக்கிறாய்."

திரும்பும்போது பஸ் தரிப்பில் போனைப் பார்த்தேன். ஞாயிறு ஷிப்டுக்கு வர முடியுமா என்று ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டிருந்தார்கள். வருகிறேன் என்று பதில் போட்டேன்.