பேபி சீட்டும் நாங்குநேரிப் பயணமும்

கார் ரெட்டியார்பட்டி தாண்டவில்லை, பிள்ளை வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டான். இரண்டு மாதப் பிள்ளை. பின்னால் பேபி சீட்டில் வார் மாட்டிக் கிடந்தான். ஒரு பக்கம் அவன் தாய் சுபா, மறுபக்கம் நான். முன்னால் டிரைவர் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் சுபாவின் மாமியார்.

நாங்குநேரியில் சுபாவின் அப்பா வாதத்தில் விழுந்து கிடந்தார். பேரனை இன்னும் பார்க்கவில்லை. "காலையிலதான் கொஞ்சம் நெனவு இருக்கு, சீக்கிரம் கொண்டாந்து காட்டு" என்று அவள் அண்ணன் போன் செய்ததும் கிளம்பினோம்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். ஓய்வுக்குப் பிறகு வீடு வீடாகப் போய்ப் பிள்ளை குளிப்பாட்டுகிறேன்; சுபாவின் பிள்ளைக்கும் நான்தான். படிப்பு எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுதான். ஆனால் குளிப்பாட்டி, பழைய வேட்டித் துணியில் நான் சுற்றிப் படுக்க வைத்தால் தூங்காத பிள்ளை கிடையாது.

அந்தச் சுற்றுத்தான் அன்றைக்கு இடைஞ்சலாகிவிட்டது. பேபி சீட்டில் ஒரு வார் இரண்டு காலுக்கும் நடுவில் வரவேண்டும். சுற்றிய பிள்ளைக்கு அது மாட்டாது. சுற்றியபடியே வைத்து மேலே வாரைப் போட்டாலோ, பிள்ளை துணியோடு நழுவிவிடும். அதனால் துணியை அவிழ்த்து மாட்டினோம். சுற்றியே பழகியவன், கைகால் விடுபட்டதும் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு அழுதான்.

சீட்டு வந்து ஒரு மாதம் இருக்கும். சென்னையில் வேலை பார்க்கிற சுபாவின் புருஷன் வாங்கி அனுப்பியது. ஒருநாள் சுபா அதன் பாலிதீன் உறையைப் பிரிக்கப் போனபோது மாமியார் தடுத்தார். "வெளிய கெளம்புத அன்னைக்குப் பிரிச்சாப் போதும்ளா. எச்சி பட்டா புதுசு பாழாப் போவும்." புதுச் சாமானை உறை கழற்றாமல் வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எனக்கும் அது சரியென்றே பட்டது. பீரோ மேல் ஏற்றி வைத்தோம். கிளம்பிய அன்று காலையில்தான் இறக்கிப் பிரித்தோம்.

"ஏளா சுபா, அவன எடுத்து மடியில போடு. தொண்ட கட்டிரும்" என்றார் மாமியார்.

"கார் ஓடையில எடுக்கக்கூடாது அத்தை."

"உன் புருஷன நான் மடியில வச்சுத்தான் குலசை தசராவுக்குக் கொண்டு போனேன். அவன் என்ன ஒடைஞ்சா போனான்?"

சுபா என் முகத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் நான் இருந்தபோது ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். ரோட்டில் மாடு குறுக்கே வந்து பிரேக் அடித்ததில், தாய் மடியிலிருந்து முன்னால் போய் மோதிய பிள்ளை. தாய் நல்ல திடமான பெண். "இறுக்கித்தாம்மா புடிச்சிருந்தேன்" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னது என் காதைவிட்டுப் போகவில்லை.

"அண்ணாச்சி, ஓரமா நிப்பாட்டுங்க. நின்ன பெறவு எடுப்போம்" என்றேன்.

நின்றது. கையில் எடுத்ததும் அழுகை அடங்கியது. சீட்டில் வைத்ததும் மறுபடியும் அதே கூத்து. திரும்ப நிறுத்தினோம். "டவுன் பஸ்ஸுகூட இத்தன ஸ்டாப்பிங்ல நிக்காதும்மா" என்றார் அண்ணாச்சி. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மூன்றடைப்பில் ஒரு மரத்தடியில் நிறுத்தி, சுபா வயிறு நிறையப் பால் கொடுத்தாள். நான் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்தேன். கண் அசந்த பிறகு பைய வாரை மாட்டினோம். அதற்குள் உச்சிப்பொழுது ஆகிவிட்டது.

வீட்டு வாசலில் அண்ணன் நின்றான். "விடிஞ்சதுலேருந்து வாசலப் பாத்தே கெடந்தாவ. இப்பத்தான் கண்ணு சொருகிச்சு. இவ்வளவு நேரமா வாரிய?"

சுபா பிள்ளையின் கையை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். "அப்பா, பேரன் வந்திருக்கான்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவர் கண் திறக்கவில்லை. அதன் பிறகும் திறக்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்து திரும்பும்போது பிள்ளை அதே சீட்டில் வழிநெடுகத் தூங்கினான். அந்த வீட்டில் இருந்த நாட்களில், தினமும் கொஞ்ச நேரம் அதில் போட்டுப் பழக்கியிருந்தேன்.

"பெரியம்மா, மடியில வச்சுக் கொண்டாந்திருந்தா அப்பா பாத்திருப்பாவல்லா?" என்றாள் சுபா.

"பாத்திருப்பாவ" என்றேன். பொய்யாக ஆறுதல் சொல்ல எனக்கு வராது. "ஆனா, நாளைக்கும் நான் நிப்பாட்டத்தாம்ளா சொல்லுவேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த மனிதருக்குப் பேரன் முகம் கிடைக்காமல் போனதற்குச் சீட்டைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையை அதற்குப் பழக்காமல் கிளம்பினோமே, அதுதான் இன்னும் அறுக்கிறது. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், கார் இருந்தால் முதலில் சீட்டு இருக்கிறதா என்று கேட்கிறேன். தாயைப் பால் கொடுக்கச் சொல்லி, ஏப்பம் விடவைத்து, மெல்லிய சட்டையோடு அதில் வைத்து வாரை மாட்டுவேன். குளிர்ந்தால் போர்வை வாருக்கு மேலேதான். பக்கத்திலேயே உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பேன். சிணுங்கினால் எடுத்துவிடுவேன், மறுநாள் திரும்ப வைப்பேன்.

"நாங்க இப்ப எங்கயும் போவலியே பெரியம்மா, எதுக்கு இந்தப் பாடு?" என்று பெண்பிள்ளைகள் சிரிப்பார்கள்.

"எங்கயும் போவாத நாள்லதாம்ளா பழக்கணும்" என்பேன்.