ஓசி ஆபீஸின் இரண்டு முகங்கள்

மடிக்கணினியைப் பைக்குள் திணித்துக்கொண்டு பீச் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் மீன் ஏற்றுமதி ஆபீஸில் பையன்கள் சிரிப்பது இன்னும் கேட்டது. கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். லேபிள் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். என் திரையைப் பார்த்துத்தான் அவர்களுக்குச் சிரிப்பு.

"அண்ணாச்சி, இந்த ஓசி ஆபீஸ இன்னுமா வச்சிருக்கீய? மூஞ்சி எங்க தாத்தா கல்யாண போட்டோ மாதிரில்லா இருக்கு. புது மூஞ்சி வந்தாச்சு, மாத்துங்க."

"சும்மா இருலே. மாத்துனா அண்ணாச்சி மயங்கி விழுந்துருவாரு" என்றான் இன்னொருவன்.

இலவசமாகக் கிடைக்கும் ஆபீஸ் மென்பொருளுக்கு எங்கள் ஊரில் ஓசி ஆபீஸ் என்றுதான் பெயர், திரையில் அது காட்டும் தோற்றத்துக்கு முகம். அதன் இரண்டு முகங்களுக்கும் நடுவில் நான் ஒரு நாள் மாட்டிக்கொண்டது அந்தப் பையன்களுக்குத் தெரியாது.

வழியில் ஒரு லாரியிலிருந்து கயிற்றுச் சுருள்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். புதுக் கயிற்றுக்கு எண்ணெயும் பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசம் உண்டு. கப்பல்களுக்கு மளிகையும் கயிறும் கொடுக்கும் கடையில் நான் சேர்ந்தபோது முதலில் என் சட்டையில் ஏறிய வாசம் அதுதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உறவு முடிந்திருந்தது. உப்பளத்தில் உப்பு வாரினேன். காலில் புண் வந்தது, ஆறியது. விளாத்திகுளத்தில் புரோட்டாக் கடையில் மாவு பிசைந்தேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். ஒரு வேலையிலும் வருடம் தாங்கியதில்லை. கயிறு சுற்ற வந்த கடையிலும் தங்கியிருக்க மாட்டேன், ரோஸ்லின் அக்கா மட்டும் சீக்கிரம் வீட்டுக்குப் போக ஆசைப்படாமல் இருந்திருந்தால்.

அக்காதான் அங்கே டைப்பிங். ஒருவனைப் பழக்கிவிட்டால் தான் நேரத்தோடு கிளம்பலாம் என்று கணக்குப் போட்டு என்னைப் பிடித்தார். "இங்கிலீஷ் எனக்கு ஓடாதே அக்கா" என்றேன்.

"அது ஓட வேண்டாம்லே, நீ நடந்தாப் போதும். மேல வார்த்தை வார்த்தையா வரிசையா இருக்குல்லா, அதெல்லாம் தெருன்னு வச்சிக்கோ. முத தெருவுல நுழை. அப்படியே கீழ எறங்கு. அங்கன ஒரு வீடு, தட்டு. பேப்பர் வரும்."

பெயர்ப்பலகை படிக்காமலே ஊர் ஊராகச் சுற்றியவனுக்கு இதைவிட நல்ல பாடம் ஏது? அச்சடிக்க முதல் தெரு, அட்டவணை போட நாலைந்து தெரு தள்ளி. கண்ணை மூடிக்கொண்டு போவேன். அக்கா தனியாக டைப்பிங் கடை போட்டுப் போனதும் அந்த நாற்காலி எனக்கே வந்தது. வெங்காயம், உருளைக்கிழங்கு, கயிறு, குடிதண்ணீர் என்று கப்பல் கப்பலாகப் பட்டியல் அடித்துத் தள்ளினேன். முதுகில் மூட்டை இல்லாத வேலை. ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி.

அப்புறம் முதலாளியின் மருமகன் சென்னையிலிருந்து வந்தார். பார்ட்டிகள் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது என்று ஓசி ஆபீஸுக்குப் புது முகம் மாட்டினார். காலையில் வந்து உட்கார்ந்தால் தெருக்களைக் காணோம். அந்த இடத்தில் பெரிது பெரிதாகப் படங்கள். கப்பல் கிளம்ப நிற்கிறது, சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நிற்கிறது, என்னால் ஒரு பேப்பரை வெளியே கொண்டுவர முடியவில்லை. எதையோ தட்டினேன், பட்டியலில் வெங்காய வரி முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

மருமகன் தானே அச்சடித்துக் கொடுத்தார். "பிரிண்ட் போடத் தெரியாமத்தான் இத்தனை நாள் இருந்தீங்களா? நாளைக்கும் இப்படின்னா குடோனுக்குப் போயிடுங்க" என்றார். குடோன் என்றால் திரும்பவும் மூட்டை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவின் கடைக்கு நடந்தேன். "அக்கா, தெருவ எல்லாம் இடிச்சிட்டான்."

விஷயத்தைக் கேட்டு அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "கிறுக்கா, இடிக்கலலே. ஒளிச்சுல்லா வச்சிருக்கான். ரெண்டு முகமும் அதுக்குள்ளயே கெடக்கு. இங்கன பாரு." அக்காவின் கணினியிலும் அதே ஓசி ஆபீஸ்தான். இரண்டே தட்டு, என் பழைய தெருக்கள் வந்து நின்றன. இன்னும் இரண்டு தட்டு, படங்கள். போன உயிர் திரும்பியது. நாற்காலி தப்பியது என்று எழுந்தேன்.

அப்போது வலைக்காரர் வீட்டு அம்மா ஒருவர் மகளின் போட்டோவோடு வந்தார். பிள்ளை கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்து, அழைப்பிதழ் உடனே வேண்டும், நடுவில் போட்டோ, சுற்றிப் பூ. அக்காவுக்குக் கை நிறைய வேலை. "நீ உக்காருலே" என்றார் என்னிடம்.

"எனக்கு வெங்காயம்தான் அடிக்கத் தெரியும் அக்கா."

"படம் போட்டிருக்காம்லா. இங்கிலீஷ் வாசிக்கத் தெரிஞ்ச எனக்குப் பழசு போதும். இது உன்னைய மாதிரி ஆளுக்குப் போட்டது."

உட்கார்ந்தேன். பழைய முகத்திலும் படங்கள் இருந்தன, எறும்பு அளவில். நான் ஏறிட்டும் பார்த்ததில்லை. இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மலையும் சூரியனும் வரைந்த ஒன்று இருந்தது. போட்டோவாகத்தான் இருக்கும் என்று தட்டினேன். அந்தப் பிள்ளை வெள்ளைக் கவுனோடு தாளின் நடுவில் வந்து நின்றது. வடிவங்கள் இருந்த இடத்தில் ஒரு பூ அகப்பட்டது. சுற்றிலும் நட்டேன். ஒரு இங்கிலீஷ் எழுத்துக்கூட வாசிக்கவில்லை.

அந்த அம்மா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆத்தாடி, எம் மவ மகாராணி கணக்கால்லா இருக்கா. யாரு ரோஸ்லினு இந்த ஆளு?"

"இங்கன புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கான்" என்றார் அக்கா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே. அந்த அம்மா போனபின், "பழைய நாற்காலிக்கும் போலாம். உன் இஷ்டம்" என்றார்.

ஆகவே, ஓசி ஆபீஸுக்குப் புது முகம் வேண்டுமா என்றால் வேண்டும் என்பேன். படம் பார்த்துப் பிழைக்கிறவன்தான் உலகத்தில் அதிகம். ஆனால் பழையதை அழித்துவிடக் கூடாது, சொல்லாமல் மாற்றவும் கூடாது. பழகிய கை ஒரே காலையில் அனாதையாகிவிடும். நான் இன்றும் லேபிளுக்குப் பழசு, அழைப்பிதழுக்குப் புதுசு என்று வைத்திருக்கிறேன்.

அக்காவின் கடை இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. அக்கா மகளோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். பூ வைத்த அழைப்பிதழை இப்போது ஆளாளுக்குப் போனிலேயே செய்துகொள்கிறார்கள். சூட்டோடு வரும் தாளை வாங்க பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்களின் பேச்சும் ஓய்ந்துவிட்டது.

அந்த அழைப்பிதழ் அடித்த அன்று சாயங்காலமே, வேலையை விடுகிறேன் என்று மருமகனிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் டீக்கடை அண்ணாச்சி கிளாஸை நீட்டியபடி, "என்னலே, இன்னைக்கு ஆபீஸா, குடோனா?" என்று கேட்டார். மருமகன் குடோனுக்குப் போகச் சொன்ன சேதி அவருக்கும் எட்டியிருந்தது.

"ரெண்டும் இல்ல அண்ணாச்சி. டிசைனர் வேலை" என்று நாலு பேருக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, டீயைக் குடித்துமுடித்து, ரோஸ்லின் அக்காவின் கடைக் கதவைத் தூக்கப் போனேன்.